எம்.எம்.டி.ஏ. காலனியும் பெரும்பாக்கமும்: ஓர் ஊர் எப்படி நல்ல ஊராகிறது?

ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: நகரங்கள் ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கின்றன? எதை வைத்து ஓர் ஊரை வாழ நல்ல ஊர் என்று சொல்வது? சென்னையை ஏன் சிங்கப்பூர் மாதிரி ஆக்க முடியவில்லை? மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பதில் சொல்ல முடியாது. நகரமைப்புத் துறையில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு நன்றாகத் தெரிந்த சென்னையை வைத்தே சொல்கிறேன்.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். கையில் அதிகம் காசில்லாமல் ஒரு குடும்பம் ஊருக்குள் வருகிறது. அவர்களால் பிழைப்புக்குப் பக்கத்தில் ஓர் இடம் பிடிக்க முடிகிறதா? பிடித்த இடத்தில் காலூன்றி, இருபது முப்பது வருடத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்து, வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுத்து, மெல்ல மேலே வர முடிகிறதா? முடிந்தால் அது நல்ல ஊர். பூங்கா, மெட்ரோ, அகலமான நடைபாதை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இந்த அடிப்படை இல்லாத இடத்தில் அவை இருந்தும் பெரிய பயன் இல்லை.

நகரம் மாறுவது யாரும் தடுக்கக்கூடிய விஷயமும் இல்லை. தி. நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வருடத்துக்கு முன்னால் அது மாம்பலத்தின் நீண்ட ஏரி. 1923-இலிருந்து ஏரியை வடித்து, நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் மனைபோட்டு, அமைதியான குடியிருப்புப் பகுதியாகத்தான் உருவாக்கினார்கள். பனகல் பார்க், உஸ்மான் ரோடு என்று அக்கட்சித் தலைவர்களின் பெயர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ஏறுகிற கூட்டம் பெருகியது. கூட்டம் இருக்கிற இடத்துக்குக் கடை வந்தது, கடை இருக்கிற இடத்துக்கு இன்னும் கூட்டம் வந்தது. ரங்கநாதன் தெரு இன்றைக்கு இருக்கிற கோலத்தை எந்த அலுவலகமும் வரைந்து கொடுக்கவில்லை. ஸ்டேஷனுக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு குறுகிய தெரு, ஜனங்கள் நடந்து நடந்தே அப்படி ஆனது. அரசாங்கம் செய்வது பெரும்பாலும் இரண்டே வேலைதான். நிலத்தை எந்த அளவில் துண்டு போடுவது, போக்குவரத்தை எங்கே கொண்டுவருவது. மீதியை மக்கள் செய்துகொள்கிறார்கள். அந்த இரண்டு வேலையிலும் எடுத்த முடிவு சரியா தப்பா என்பது தெரிய ஒரு தலைமுறை ஆகும்.

அதனால்தான் அரும்பாக்கம் எம்.எம்.டி.ஏ. காலனியைப் பற்றிப் பேச வேண்டும். பஸ்ஸில் போகும்போது ஸ்டாப்பிங் பெயராகக் கேட்டிருப்பீர்கள். எம்.எம்.டி.ஏ. என்பது மெட்ராஸ் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது இன்றைய சி.எம்.டி.ஏ. உலக வங்கிக் கடனில் 1977-இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தின் ஒரு பகுதியாக அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனைகள் போட்டார்கள். 1980-இல் வந்த இரண்டாவது திட்டத்தில் முகப்பேர் போன்ற பகுதிகள் சேர்ந்தன. வேலையை ஹவுசிங் போர்டு செய்தது.

அந்தத் திட்டத்தின் யோசனை மிக எளிமையானது. ஏழைக் குடும்பத்துக்கு அரசாங்கமே முழு வீடு கட்டிக் கொடுக்கப் போனால் பணம் சில ஆயிரம் பேருக்குக்கூடப் போதாது. அதனால் வீட்டைக் கட்டாதே, நிலத்தைக் கொடு. ரோடு போடு, தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், கரண்டு கொடு. சின்ன மனைகளில் ஒரு கழிப்பறையும் ஒரு குழாயும் மட்டும் வைத்துக் கொடு. வீட்டை அவர்கள் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்வார்கள். மனைக்கான பணத்தை நீண்ட காலத் தவணையில் கட்டலாம். கட்டி முடித்தால் கிரயப் பத்திரம்.

இதில் இரண்டு விஷயங்களை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஒன்று, மனையின் அளவு. ஏழைகளுக்கான மனை ஏறத்தாழ 400 சதுர அடிதான். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி; அதில் இப்படி ஐந்தாறு வரும். நம் ஊர் சட்டங்கள் இவ்வளவு சின்ன மனையைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. அனுமதிக்காததால் சின்ன மனைக்கான தேவை ஒழிந்துவிடவில்லை. புறம்போக்கிலும் ஆற்றங்கரையிலும் அதே அளவு குடிசைகள் எழுந்தன. இங்கே மட்டும்தான் அதைச் சட்டப்படி, தண்ணீர்க் குழாயோடு, பத்திரத்தோடு கொடுத்தார்கள்.

இரண்டாவது, கலப்பு. அந்த லே-அவுட்டில் வெறும் ஏழைகளுக்கான மனை மட்டும் இல்லை. கொஞ்சம் பெரிய மனைகள், அதைவிடப் பெரிய மனைகள், மெயின் ரோட்டை ஒட்டிக் கடைகளுக்கான மனைகள் எல்லாம் ஒரே வரைபடத்தில் இருந்தன. பெரிய மனைகளை நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் சின்ன மனையின் விலையைக் குறைத்தார்கள். கணக்குக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் அதன் பலன் கணக்கைத் தாண்டிப் போனது. பேங்க் ஊழியர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஆட்டோ ஓட்டுநர் வீடு. ஒரே பள்ளிக்கூடம், ஒரே மார்க்கெட், ஒரே பஸ் ஸ்டாப். தெருவில் விளக்கு எரியவில்லை என்றால் கவுன்சிலரிடம் போய் நிற்கப் படித்தவரும் இருந்தார், ஆள் திரட்டத் தெரிந்தவரும் இருந்தார். ஏழைகள் மட்டுமே இருக்கிற இடத்தில் விளக்கு எரிய எத்தனை மாதம் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

முகப்பேரில் சின்ன மனைத் தெரு ஒன்றில் ஒருமுறை நடந்து பாருங்கள். வீட்டு முகப்பு பத்துப் பதினைந்து அடிதான் இருக்கும். கீழே ஒரு தையல் கடை, அல்லது மாவு அரைக்கிற கடை, அல்லது பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற டியூஷன். வெளியிலேயே செங்குத்தாக ஒரு படிக்கட்டு, ஒரு ஆள் ஏறுகிற அகலத்துக்கு. முதல் மாடியில் வீட்டுக்காரர், அதற்கு மேல் வாடகைக்கு ஒரு குடும்பம். மொட்டை மாடியில் தூண்களின் கம்பி இரண்டு அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு வேலையை அரைகுறையாக விட்டிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். அந்தக் கம்பி ஒரு குடும்பத்தின் அடுத்த திட்டம். மகனுக்குக் கல்யாணம் ஆகும்போது, சீட்டுப் பணம் கைக்கு வரும்போது, மேஸ்திரியைக் கூப்பிட்டு அங்கிருந்தே மேலே எழுப்புவார்கள். முதலில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், அப்புறம் தளம், அப்புறம் டைல்ஸ். ஒரே சுவரில் நாலு காலத்துச் செங்கலைப் பார்க்கலாம். அந்த வாடகைக் குடும்பமும் முக்கியம். அரசாங்கம் ஒரு ரூபாய் செலவு செய்யாமல், ஊருக்குள் குறைந்த வாடகை வீடுகளை இந்தத் தெருக்கள்தான் உருவாக்கிக் கொடுத்தன.

வேலையும் பக்கத்தில் இருந்தது. முகப்பேருக்கு அடுத்தே அம்பத்தூர் தொழிற்பேட்டையும் பாடித் தொழிற்சாலைகளும். சைக்கிளில் போய்விடலாம். அரும்பாக்கத்துக்கோ ஊரே பின்னால் வந்து சேர்ந்தது. 1996-இல் கொத்தவால் சாவடி மார்க்கெட்டைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். 2002-இல் பாரிமுனையிலிருந்து வெளியூர் பஸ் நிலையமும் அங்கே வந்தது. 2015-இல் சென்னையின் முதல் மெட்ரோ ரயில் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு ஓடியபோது அரும்பாக்கத்திலேயே ஒரு ஸ்டேஷன் இருந்தது. 1970-களில் தவணையில் மனை வாங்கிய குடும்பத்தின் வாசலுக்கு இவ்வளவும் வந்தன.

இதையெல்லாம் இன்றைக்குச் சொல்வது சுலபம். அன்றைக்கு இந்தத் திட்டங்களுக்குக் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? தோல்வி. மனை ஒதுக்கிச் சில வருடம் கழித்துப் போய்ப் பார்த்தவர்கள், பாதி மனைகள் முள் முளைத்துக் கிடக்கின்றன, ஊரைவிட்டுத் தள்ளி இருக்கின்றன, ஏழைகள் விற்றுவிட்டுப் போகிறார்கள் என்று எழுதினார்கள். உலக வங்கியும் பிற்பாடு இந்த வகைத் திட்டங்களுக்குக் கடன் கொடுப்பதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் கழித்து மும்பையிலும் சென்னையிலும் அதே இடங்களுக்குப் போய் மறுபடி ஆராய்ந்தபோது வேறு படம் தெரிந்தது. மனைகள் நிறைந்துவிட்டன, பல தரப்பு மக்கள் கலந்து வாழ்கிறார்கள், நகரத்தின் நல்ல குடியிருப்புகளில் சேர்ந்துவிட்டன. சீக்கிரம் போய் அளந்ததால் வந்த வினை அந்தப் பழைய தீர்ப்பு. சிலர் விற்றார்கள் என்பது உண்மைதான். ஆனால் கையில் பத்திரம் இருந்ததால், கஷ்டகாலத்தில் விற்கக்கூடிய ஒரு சொத்து அவர்களிடம் இருந்தது. விரட்டப்பட்டுப் போவதற்கும் விற்றுவிட்டுப் போவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

இந்தக் கதையில் ஒரு கறையும் இருக்கிறது. முகப்பேரிலேயே ஒரு பகுதிக்கு 'ஏரி ஸ்கீம்' என்று பெயர். அந்தப் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. தி. நகரில் தொடங்கிய பழக்கம் அப்படியே தொடர்ந்தது. நிலம் தேவைப்படும்போதெல்லாம் அரசுத் துறைகளின் கண்ணில் முதலில் பட்டது ஏரிதான், ஏனென்றால் அதை யாரிடமிருந்தும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. வேளச்சேரி ஏரி சுருங்கியது, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பழைய அளவில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியது. அந்தச் சதுப்பிலேயே பெருங்குடிக் குப்பை மேடும் எழுந்தது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் தன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. 2022-இல் பள்ளிக்கரணைக்கு ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது நல்ல செய்தி. மிஞ்சியிருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ள ஒரு பிடிப்பு கிடைத்திருக்கிறது.

சரி, இப்போது மறுபக்கம். குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கியது. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது அதன் வாசகம். ஆரம்ப வருடங்களில் குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டிக் கொடுப்பதுதான் பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பம் மீனவர்கள் இன்னமும் தங்கள் படகுக்குப் பக்கத்திலேயே வாழ்கிறார்கள் என்றால் அதற்கு இதுதான் காரணம். கட்டிடங்கள் பழுதடைந்தன, பராமரிப்பு மோசம், எல்லாம் உண்மை. ஆனால் பிழைப்பு கையைவிட்டுப் போகவில்லை.

2000 வாக்கில் திசை மாறியது. ஆற்றோரம், கால்வாயோரம், சாலை விரிவாக்கம், பறக்கும் ரயில் என்று பல காரணங்களுக்காக அப்புறப்படுத்திய குடும்பங்களை ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் குவிக்கத் தொடங்கினார்கள். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிக் கண்ணகி நகர், 15,000 வீடுகளுக்கு மேல். அடுத்து எழில் நகர். அப்புறம் சதுப்பு நிலத்தின் விளிம்பில் பெரும்பாக்கம், எட்டு அடுக்குக் கட்டிடங்கள் வரிசை வரிசையாக, 20,000-க்கு மேற்பட்ட வீடுகளுக்கான திட்டம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரையிலிருந்த குடும்பங்கள் பலவற்றை லாரியில் ஏற்றி அங்கேதான் கொண்டுபோய் இறக்கினார்கள். பல முறை பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கிற வருடத்தின் நடுவிலேயே இது நடந்தது. பரீட்சைக்குச் சில வாரம் இருக்கும்போது பிள்ளையைப் புது ஊரில் எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

அங்கே குடிபோனவர்களிடம் பேசினால் வீட்டைப் பற்றிய குறை இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது பிழைப்பு. சிந்தாதிரிப்பேட்டையில் மீன் விற்றவர், சேத்துப்பட்டில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர், பாரிமுனையில் சுமை தூக்கியவர். மூவருக்கும் வேலை நடந்து போகிற தூரத்தில் இருந்தது. விடிகாலை 4 மணிக்கு மீன் எடுக்கப் போக வேண்டிய பெண்ணை 20 கி.மீ. தள்ளிப் போட்டுவிட்டு, உனக்கு சிமென்ட் வீடு கொடுத்தேன் என்பதில் என்ன நியாயம்? பலர் வீட்டைப் பூட்டிவிட்டோ வாடகைக்கு விட்டுவிட்டோ பழைய இடத்துக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொள்ளத் திரும்பி வந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, வீடு கொடுத்தாலும் இருக்க மாட்டேன் என்கிறார்கள் என்று பேசுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கேட்க வேதனையாக இருக்கிறது.

எம்.எம்.டி.ஏ. காலனியில் இருந்த ஒவ்வொன்றும் இங்கே தலைகீழ். அங்கே தரப்புகள் கலந்தன. இங்கே ஏழைகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்து வைத்தோம். அங்கே வீடு குடும்பத்தோடு சேர்ந்து வளர்ந்தது. இங்கே அடுக்குமாடியில் ஒரு சதுர அடிகூடக் கூட்ட முடியாது. மகனுக்குக் கல்யாணம் ஆனால் ஒரே அறைக்குள் இரண்டு குடும்பம். அங்கே தரைத்தளத்தில் கடை போடலாம். இங்கே ஆறாவது மாடியில் இட்லிக் கடை எப்படிப் போடுவது? லிஃப்ட் நின்றால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். கண்ணகி நகர் என்று விலாசம் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்குகிற கம்பெனிகள் அதே சாலையில் இருக்கின்றன. அந்த விலாசம் கெட்டதற்கு அங்கே வாழ்கிறவர்கள் காரணம் இல்லை. ஒரே வறுமையை ஒரே இடத்தில் குவித்து, பள்ளியையும் ஆஸ்பத்திரியையும் போலீஸ் ஸ்டேஷனையும் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டால் எந்த ஊர் விலாசமும் அப்படித்தான் ஆகும்.

இத்தனைக்கும் நடுவில் அந்த மக்கள் அந்த இடத்தை ஊராக்கிக்கொண்டிருக்கிறார்கள். கட்டிடங்களுக்கு நடுவே கடைகள் முளைத்துவிட்டன. தரைத்தளத்து வீட்டின் ஜன்னலையே கடையாக்கி அரிசி, சோப்பு விற்கிறார்கள். கபடிப் பயிற்சி நடக்கிறது. 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். ஊரே திரண்டு வரவேற்றது. 2000-இல் பிறந்த தலைமுறைக்கு அதுதான் சொந்த ஊர். அதனால் அந்த இடங்களை இனிக் கைவிடுவதும் தீர்வு ஆகாது. நிறைய பள்ளி, நிறைய பஸ், தரைத்தளத்தில் சட்டப்படி கடை வைக்க அனுமதி, ஒவ்வொரு வீட்டுக்கும் பத்திரம். இவையெல்லாம் இப்போதே செய்யக்கூடியவை.

சிங்கப்பூர் விஷயத்துக்கு வருகிறேன். அங்கேயும் அடுக்குமாடிதானே, அது எப்படி நன்றாக இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1961 மே மாதம் புக்கிட் ஹோ ஸ்வீ என்ற குடிசைப் பகுதி எரிந்து 16,000 பேர் அளவில் வீடிழந்தார்கள். ஒரு வருடம் முன்புதான் தொடங்கியிருந்த வீட்டுவசதி வாரியம் அவர்களுக்கு விரைவாக வீடு கொடுத்தது. எரிந்த இடத்திலேயே புதிய குடியிருப்பும் எழுந்தது. ஊரைவிட்டு வெளியே தள்ளவில்லை. பிறகு கட்டிய நகரியங்களில் கடைகள், உணவு அங்காடி, பள்ளி, பஸ் முனையம் எல்லாம் குடியிருப்போடு சேர்த்தே திட்டமிடப்பட்டன. இன்றும் அந்நாட்டு மக்களில் ஐந்தில் நாலு பேர் அளவுக்கு வாரிய வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஆசிரியரும் டாக்ஸி ஓட்டுநரும் ஒரே பிளாக்கில். 99 வருடக் குத்தகையில் வீடு அவர்களுடைய சொத்து, சேமநிதிப் பணத்திலேயே வாங்கலாம். 1989-க்குப் பிறகு ஒவ்வொரு பிளாக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் கலந்திருக்க வேண்டும் என்று விகிதமும் வைத்தார்கள். பெரும்பாக்கத்தில் நாம் எடுத்துக்கொண்டது அந்த உயரத்தை மட்டும்தான். அதைத் தாங்கி நிற்கிற கலப்பு, உரிமை, பக்கத்திலேயே வேலை, பராமரிப்பு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1966-இல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டத்தால் அந்த அரசு மிகக் குறைந்த விலைக்கு நிலத்தை எடுத்துக்கொண்டது. நம் ஊரில் அது நடக்காது, நடக்கவும் கூடாது என்பது என் கருத்து. வேளச்சேரிக்கும் பரங்கிமலைக்கும் நடுவே பறக்கும் ரயிலின் கடைசி அரை கிலோமீட்டருக்கு நிலம் எடுக்க முடியாமல் வழக்கில் பத்து வருடத்துக்கு மேல் தூண்கள் வெறுமனே நின்றன. எரிச்சலூட்டுகிற விஷயம்தான். ஆனால் கோர்ட்டுக்குப் போய் நிற்கிற உரிமை கூவம் கரையில் இருந்தவருக்கும் அதே அளவு கிடைத்திருந்தால் பெரும்பாக்கம் இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது.

போக்குவரத்தில் சென்னை செய்த மிக நல்ல காரியம் எது என்று கேட்டால், நான் மெட்ரோவுக்கு முன்னால் சாதாரண வெள்ளை போர்டு பஸ்ஸைச் சொல்வேன். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு அதில் டிக்கெட் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் 800 ரூபாய்க்கு மேல் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணின் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை. பணத்தைவிடப் பெரிய விஷயம், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய வேலையையும் அவரால் இப்போது ஒப்புக்கொள்ள முடிகிறது. ஊரின் எல்லை அவருக்கு விரிந்திருக்கிறது. குறை என்னவென்றால் பஸ்ஸின் எண்ணிக்கை. இலவசமாக இருந்து என்ன, முக்கால் மணி நேரம் நின்றால்?

நடப்பதைப் பற்றிச் சுருக்கமாக. சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தருகிற கொள்கையை ஏற்றது. அப்படிச் செய்த முதல் இந்திய நகரங்களில் ஒன்று. 2019-இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. மாலையில் போய்ப் பாருங்கள், வயதானவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், குழந்தைகள் ஓடும். காருக்கு இடத்தைக் குறைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று சொன்னவர்களுக்கு அந்தக் கூட்டமே பதில். ஆனால் அதே தெருவின் நடைபாதை வியாபாரிகளை அதற்கு முன்பே ஒரு மாடிக் கட்டிடத்துக்குள் அனுப்பிவிட்டோம். போகிற வருகிறவர் கண்ணில் பட்டு ஓடிய வியாபாரம், படியேறிப் போய் வாங்கு என்றால் ஓடுமா? நடைபாதையை இன்னும் கொஞ்சம் அகலமாக்கி அவர்களையும் அதில் ஒழுங்காக உட்கார வைத்திருக்கலாம். அதற்கு இடமும் இருந்தது, 2014-இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டமும் இருந்தது.

இப்போது ஊருக்குள் நடக்கிற மாற்றம் இன்னொரு வகை. 2019-இல் வந்த கட்டட விதிகள், நிலத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்றிருந்ததை இரண்டு மடங்காக்கின. பழைய நாலு வீட்டு பிளாட்டுகளை இடித்துவிட்டுப் புதிதாக எழுப்புகிறார்கள். நகரத்துக்குள் அதிகம் பேர் வாழ்வதை நான் வரவேற்கிறேன். ஏரிகளை மிச்சம் வைக்க அது ஒன்றுதான் வழி. என் கவலை தரைத்தளத்தைப் பற்றியது. புதுக் கட்டிடங்களில் கீழ்த்தளம் முழுக்க கார் நிறுத்துமிடம், முன்னால் இரும்பு கேட், பக்கத்தில் செக்யூரிட்டி நாற்காலி. அப்படி பத்துக் கட்டிடம் வரிசையாக வந்துவிட்டால் இஸ்திரி வண்டிக்கும் பூக்காரம்மாவுக்கும் அந்தத் தெருவில் இடம் இல்லை. ராத்திரி 9 மணிக்கு அந்தத் தெருவில் தனியாக நடக்கிற பெண்ணைக் கவனிக்க ஒரு கடைக்காரர்கூட இருக்க மாட்டார். விதியை எழுதியவர் காரை எங்கே நிறுத்துவது என்று மட்டும் யோசித்திருக்கிறார். தரைத்தளத்தில் ஒரு பகுதியைக் கடைக்கோ கிளினிக்குக்கோ விட்டால் கூடுதல் பரப்பு தருகிறேன் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், பில்டர்களே போட்டி போட்டுச் செய்வார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை வந்தது. மீஞ்சூர், திருமழிசை, செங்கல்பட்டு, மாமல்லபுரம் என்று பல இடங்களில் புதுநகரத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. சென்னைக்கான மூன்றாவது முழுமைத் திட்டமும் (மாஸ்டர் பிளான்) தயாராகிறது. ஒரு தலைமுறைக்கான மனை அளவும் சாலையும் இந்த வரைபடங்களில் முடிவாகப் போகின்றன.

அந்த வரைவுகள் மக்கள் பார்வைக்கு வரும்போது, கேள்வி கேட்டவர் உட்பட எல்லோரும் போய்ப் பாருங்கள். மேம்பாலம் எங்கே வருகிறது என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மிகச் சின்ன மனை எத்தனை சதுர அடி என்று பாருங்கள். அது பெரிய மனைகளுக்கு நடுவே இருக்கிறதா, அல்லது ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பக்கத்தில் என்ன வேலை இருக்கிறது, முதல் பஸ் எத்தனை மணிக்கு, தண்ணீர் வடிகிற வழியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். வரைவின் மேல் ஆட்சேபணை தெரிவிக்கச் சட்டமே அவகாசம் கொடுத்திருக்கிறது, தமிழிலேயே எழுதலாம். நான் அலுவலகத்தில் இருந்த காலத்தில் வந்த மனுக்களில் முக்கால்வாசி, என் நிலத்தின் மேல் ரோடு போகிறது, அதைத் தள்ளிப் போடுங்கள் என்பவைதான். 400 சதுர அடி மனை வேண்டும் என்று கேட்டு ஒரு மனுகூட என் மேஜைக்கு வந்ததில்லை. தேவைப்படுகிறவர்களுக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேரவே இல்லை. அவர்களுக்காக நீங்கள் எழுதிக் கொடுக்கலாம்.